ஏர் ஃப்ரையரில் பிரெட் தூள் காய்கறிகள்: மேலே மொறுமொறுப்பும் உள்ளே பதமும் அமைவது எப்படி?

காலிஃபிளவர், காளான், சுக்கினி (வெள்ளரிக்காய் போன்ற தோற்றமுள்ள ஒரு பூசணி வகை) போன்றவற்றை மைதாக் கரைசலில் தோய்த்து, பிரெட் தூளில் புரட்டி ஏர் ஃப்ரையரில் வைத்தால், மேற்பூச்சு வெளிறி வறண்டுபோகிறது, ஆங்காங்கே கழன்று விழுகிறது, உள்ளே காய் நசநசத்துக் கிடக்கிறது. எண்ணெயில் பொரித்ததுபோல் மொறுமொறுப்பாக வருவதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தும், நேரத்தைக் கூட்டிப் பார்த்தும் பலனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டாலும் பலன் கிடைக்காது. கொதிக்கும் எண்ணெய் தானாகச் செய்து முடிக்கும் சில வேலைகளை ஏர் ஃப்ரையர் செய்வதில்லை. அவற்றை நாம் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுத்தான் காயைக் கூடைக்குள் அனுப்ப வேண்டும். அவற்றுள் தலையாயது, பிரெட் தூளை எண்ணெயில் பிசறி முதலிலேயே வாணலியில் பொன்னிறமாக வறுத்துக்கொள்வது. அடுத்தது, காயின் ஈரத்தை முடிந்தவரை முன்னதாகவே வெளியேற்றிவிடுவது. இந்த இரண்டையும் செய்தாலே உங்கள் குறைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால், சமையல் குறிப்பு எதுவும் கையில் இல்லாமலே எந்தக் காய்க்கும் வழி கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அதைச் சற்று விளக்குகிறேன். பெயரில் 'ஃப்ரையர்' என்று இருந்தாலும், மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதன் அருகே வேகமாகச் சுழலும் ஒரு விசிறி, கீழே துளைகள் கொண்ட ஒரு கூடை என்று அமைந்த சிறிய காற்றடுப்புதான் இது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் இதை வீட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமைப்பின் அடிப்படை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அடுப்பின் கொள்ளளவு சிறியது, காற்று வேகமாகச் சுழல்கிறது என்பதால் வழக்கமான மின்னடுப்பைவிட விரைவாக இது வேலை செய்கிறது. ஆனாலும் காற்று காற்றுதான். 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் அடுப்புக்குள் ஒரு கணம் கையை நுழைத்து எடுத்துவிட முடியும். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்குள் அப்படிச் செய்ய முடியாது. திரவம் தன் சூட்டைப் பொருளுக்குக் கடத்தும் வேகத்தைக் காற்றால் நெருங்கவே முடியாது என்பதே இதன் பொருள்.

எண்ணெயில் ஒரு துண்டைப் போட்டவுடன் சலசலவென்று குமிழ்கள் கிளம்புகின்றனவே, அவை காயின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி வெளியேறும் நீர். 170, 180 டிகிரி எண்ணெய் அந்த நீரை மளமளவென்று விரட்டிவிடுகிறது. ஈரமான மேற்பூச்சைச் சில நொடிகளிலேயே இறுகச் செய்கிறது. தூளின் இண்டு இடுக்குகளிலெல்லாம் புகுந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக நிறம் ஏற்றுகிறது. நீர் வெளியேறிய துளைகளில் தானே சிறிது தங்கி, கடிக்கும்போது மாவு வாசனையில்லாத நல்ல கொழுப்புச் சுவையையும் தருகிறது. ஏர் ஃப்ரையரில் இவை எல்லாமே மெதுவாக நடக்கின்றன அல்லது நடப்பதே இல்லை. பொன்னிறமும் வறுபட்ட மணமும் உண்டாவதற்கு மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். ஆகவே, ஈரக் காயின் மேல் ஈரக் கரைசலும், அதன் மேல் எண்ணெய் காணாத தூளுமாக உள்ளே வைத்தால், பூச்சு காய்வதற்குள் காய் குழைந்துவிடுகிறது; பூச்சு சிவக்கும் வரை காத்திருந்தால் காயிலிருந்து கிளம்பும் ஆவி பூச்சை மறுபடியும் நனைத்து, அடியில் இருந்து தூக்கி விடுகிறது.

கடையில் வாங்கும் உறைந்த பிரெட் தூள் காய்கறிகள் மட்டும் அதே கருவியில் அழகாக வருவது ஏன் என்று பலர் வியப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் குறுகிய நேரம் பொரிக்கப்பட்டு, அதன் பிறகே உறைய வைக்கப்படுகின்றன. பூச்சு அங்கேயே இறுகி, நிறம் கண்டு, எண்ணெயையும் உறிஞ்சி வைத்திருக்கிறது. உங்கள் ஏர் ஃப்ரையர் செய்வதெல்லாம் அதைச் சூடாக்கி, மேலுள்ள ஈரத்தைப் போக்குவதுதான். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள பொருள்பட்டியலைப் பார்த்தால் எண்ணெய் அதில் இடம்பெற்றிருக்கும். தொழிற்சாலை பொரித்துச் செய்யும் அந்த முன்வேலையை நாம் வாணலியில், மிகக் குறைந்த எண்ணெயில், காய்க்குச் செய்யாமல் தூளுக்கு மட்டும் செய்துகொள்ளப் போகிறோம்.

100 கிராம் பிரெட் தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். அடி கனமான, அகலமான வாணலியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே, அதில் தூளைக் கொட்டி எண்ணெயை ஊற்றி விரல்களால் பிசறுங்கள். முதலில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கட்டி கட்டியாக நிற்கும்; கட்டிகளை உடைத்து உடைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தால் ஒரு நிமிடத்தில் தூள் முழுவதும் ஒரே சீரான ஈரமணல் பதத்துக்கு வந்துவிடும். பிறகு மிதமான தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடிவரை புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடங்கள் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். தூளில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. பிறகு ரொட்டி சுடும் மணம் எழும். பெரிய துகள்களின் விளிம்புகளில் மஞ்சள் தட்டும். கரண்டி படும்போது எழும் ஓசை மெத்தென்று இருந்தது மாறிச் சரசரக்கத் தொடங்கும். அந்த ஓசை வந்துவிட்டால் அடுப்பை விட்டு அகலக் கூடாது, ஏனென்றால் வெளிர் மஞ்சளில் இருந்து பழுப்புக்குப் போவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. உங்களுக்குத் தேவையான இறுதி நிறத்தைவிட ஒரு படி வெளிறலாக இருக்கும்போதே இறக்கி, உடனே அகலமான தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் தூள் மேலும் கருகும். மொத்தத்தில் ஐந்து, ஆறு நிமிட வேலை.

மிளகுத்தூள், மிளகாய்த்தூள், பூண்டுப் பொடி, உலர்ந்த மூலிகைகள் ஆகியவற்றை வறுக்கும்போது சேர்க்காமல், இறக்கிய பிறகு வெதுவெதுப்பாக இருக்கையில் கலந்தால் அவை கருகிக் கசக்காது. தூள் முழுவதும் ஆறிய பின்னரே காயைப் புரட்ட வேண்டும்; சூடான தூளில் கரைசல் பட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். இப்படி வறுத்த தூளைக் காற்றுப் புகாத புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்குத் தாராளமாக இருக்கும் என்பதால், ஒரே முறையில் 200 கிராம் வறுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்தத் தூள் என்பதும் முக்கியம். மிக நைசாக அரைத்த தூள் காயின் மேல் இடைவெளியின்றிப் படிந்துவிடும். ஆவி வெளியேற வழியில்லாமல் பூச்சு கெட்டியாக, தோல் போல ஆகும். சொரசொரப்பான, ஒழுங்கற்ற துகள்கள்தான் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்று, சுழலும் காற்றை எல்லாப் பக்கமும் வாங்கிக்கொள்ளும். பாங்கோ என்னும் ஜப்பானிய பிரெட் தூள் இந்த வகையில் சிறந்தது. அதற்கான ரொட்டியை வழக்கமான அடுப்பில் வேகவைக்காமல், மாவின் ஊடாக மின்சாரத்தைச் செலுத்தி வேகவைப்பதால் பழுப்பான மேலோடு உண்டாவதில்லை. உள்ளே காற்றறைகள் நீண்டு அமைகின்றன. துருவும்போது தூளாகாமல் மெல்லிய சில்லுகளாக வருகிறது. அது கிடைக்காவிட்டால், ஒரு நாள் பழைய ரொட்டியின் ஓரங்களை நீக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றி, தட்டில் பரப்பி நன்றாக உலரவிட்டுப் பயன்படுத்தலாம். ஓரங்கள் ஏற்கெனவே சிவந்தவை ஆகையால் அவற்றைச் சேர்த்து அரைத்தால் வறுக்கும்போது கறுப்புப் புள்ளிகள் தட்டும். ஏர் ஃப்ரையரிலேயே தூளை உலர்த்தலாமே என்று நினைக்க வேண்டாம். விசிறிக் காற்றில் தூள் பறந்து மேலுள்ள கம்பியில் ஒட்டிக் கருகிவிடும்.

இனி காய். சுக்கினி, காளான், கத்தரிக்காய், காலிஃபிளவர் ஆகிய எல்லாவற்றிலும் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 விழுக்காடு. சமைக்கும்போது இந்த நீரில் ஒரு பகுதி வெளியே வந்தே தீரும். பூச்சு போட்ட பிறகு வந்தால் பூச்சைக் கெடுக்கும். பூச்சு போடும் முன்னரே வந்துவிட்டால் நன்மை. ஆனால் எல்லாக் காய்க்கும் ஒரே உபாயம் பொருந்தாது.

காலிஃபிளவரைப் பச்சையாகப் பூச்சிட்டால், வறுத்த தூள் சிவந்து முடிந்த பிறகும் தண்டு கடினமாகவே இருக்கும். ஆகவே மூன்று, நான்கு சென்டிமீட்டர் அளவுப் பூக்களாகப் பிரித்து, உப்பிட்ட கொதிநீரில் இரண்டே நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் அலச வேண்டாம். சூடாக இருக்கையிலேயே துணியில் பரப்பினால் அதன் சொந்தச் சூட்டிலேயே மேல் ஈரம் ஆவியாகிப் போகும். பரப்பும்போது பூவின் தலை கீழாகவும் தண்டு மேலாகவும் இருக்க வேண்டும். பூவின் நுண்ணிய மொட்டுகளுக்கிடையில் நிறையத் தண்ணீர் தங்கிக்கொள்கிறது. தலைகீழாக வைத்தால்தான் அது இறங்கும். கால் மணி நேரம் கழித்து ஒரு பூவை எடுத்து உலர்ந்த தட்டில் தட்டிப் பாருங்கள். துளி எதுவும் தெறிக்கவில்லை என்றால் அது பூச்சுக்குத் தயார். பிரக்கோலிக்கும் இதே முறைதான், கொதிநீரில் ஒரு நிமிடம் போதும்.

சுக்கினிக்கும் கத்தரிக்காய்க்கும் உப்பு உதவும். சுக்கினியின் நடுவில் விதையுள்ள மெத்தென்ற பகுதியைச் சீவி நீக்கிவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள குச்சிகளாக நறுக்குங்கள். கத்தரிக்காயை ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கலாம். கால் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, வடிதட்டில் இருபது முதல் முப்பது நிமிடம் வையுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அதைக் கழுவாமல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கரைசலில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காளான்தான் இவற்றுள் மிகவும் சிரமம் கொடுப்பது. கொதிநீரில் போட்டாலும் பயனில்லை, உப்பிட்டாலும் முழுமையாக விடாது, பச்சையாகப் பூச்சிட்டால் பாதிச் சமையலில் நீரைக் கொட்டிவிடும். அதற்கு நான் பரிந்துரைப்பது, பூச்சு எதுவும் இல்லாமல் காளானை இரண்டாக வெட்டி அதே ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் ஐந்து, ஆறு நிமிடம் வாட்டி எடுப்பது. காளான் சுருங்கி, அடித்தட்டில் பழுப்பு நிறச் சாறு தேங்கியிருக்கும். அந்தச் சாற்றை வீணாக்காமல் சூப்பில் சேர்த்துக்கொள்ளலாம். காளானை ஆறவிட்டு ஒற்றிய பிறகு பூச்சிட்டால், சுருங்க வேண்டியது முன்னரே சுருங்கிவிட்டதால் பூச்சும் பிரியாது. முழுக் காளானாகச் செய்ய விரும்பினால் காம்பை நீக்கிய குழி கீழ்நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும்; மேல்நோக்கி வைத்தால் குழியில் நீர் தேங்கிப் பூச்சை ஊறவைத்துவிடும்.

வெங்காய வளையங்களில் பூச்சு வழுக்கிக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடிபோன்ற மெல்லிய சவ்வே காரணம். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் அதை நகத்தால் கிள்ளி உரித்துவிடுங்கள். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வளையம் சரியாக வராது. வெண்டைக்காயை முழுதாகக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிய இடத்தில் கசியும் பசையே தூளைப் பிடித்துக்கொள்ள ஓரளவு உதவும். கேரட், பீன்ஸ் முதலியவற்றை அரைவேக்காட்டில் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டால் போதும்.

பூச்சு மூன்று படி கொண்டது: உலர்ந்த மாவு, கரைசல், தூள். முதல் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். வேறு சிலர் அளவுக்கு மிஞ்சிச் செய்கிறார்கள். உலர்ந்த மைதாவோ கார்ன்ஃப்ளாரோ காயின் மேல் எஞ்சியிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, கரைசல் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான பரப்பைத் தருகிறது. காயை மாவில் புரட்டிய பிறகு சல்லடையில் போட்டு நன்றாகத் தட்டி உதற வேண்டும். காயின் நிறம் மாவின் ஊடாகத் தெரிய வேண்டும். வெள்ளையாக அப்பியிருந்தால் அந்த அதிகப்படி மாவு நனையாமலே அடியில் தங்கி, வெந்த பிறகு பூச்சு முழுவதும் ஓடாகக் கழன்று வரும். பூச்சு உரிவதாக நீங்கள் எழுதியதற்கு, காயின் ஈரத்துக்கு அடுத்தபடியாக இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

கரைசலுக்கு முட்டை சேர்ப்பவர்களாக இருந்தால் வேலை எளிது. ஒரு முட்டையை ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து அடித்துக்கொண்டால் போதும். சூடு பட்டவுடன் அதன் புரதம் இறுகித் தூளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முட்டை வேண்டாம் என்றால், நான்கு மேசைக்கரண்டி மைதாவுடன் இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, ஐந்து மேசைக்கரண்டி தண்ணீரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ காய்க்கு இது சரியாக இருக்கும். கரண்டியின் பின்புறத்தில் கரைசல் படிந்து, அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். நீர்த்திருந்தால் தூள் நனைந்து கூழாகும், கெட்டியாக இருந்தால் ரொட்டிபோல் தடித்த பூச்சு வரும். கார்ன்ஃப்ளார் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: அது முழுக்க மாவுச்சத்து, மைதாவில் உள்ளதுபோல் இழுவைத் தன்மை தரும் புரதம் அதில் இல்லை, ஆகவே பூச்சு மென்றிழுக்காமல் நொறுங்கும். மைதாவுக்குப் பதில் கடலை மாவும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் நிறம் ஏறும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

புரட்டும்போது ஒரு கையை ஈரத்துக்கும் மறு கையைத் தூளுக்கும் ஒதுக்கிவிடுங்கள். இடக் கையால் கரைசலிலிருந்து துண்டை எடுத்து, சொட்டுவது நிற்கும் வரை ஓரிரு நொடி பிடித்திருந்து, தூளின் மேல் விடுங்கள். வலக் கையால் சுற்றியுள்ள தூளை அள்ளி மேலே மூடி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். உருட்டித் தேய்த்தால் தூள் வழுக்கும், அழுத்தினால்தான் பதியும். எல்லாத் துண்டுகளையும் கம்பித் தட்டில் அடுக்கி, மூடாமல் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் கரைசல் தூளின் அடிப்பகுதியை நனைத்துப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுகிறார்கள். பூச்சு காயோடு ஒட்டி நிற்பதற்கு இந்தக் கால் மணி நேரம் மிகவும் பயன்படுகிறது.

ஏர் ஃப்ரையரை வெறுமையாக 180 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கூடைக்குச் சிறிது எண்ணெய் தடவி, துண்டுகளை ஒன்றை ஒன்று தொடாமல், இடையில் ஒரு விரல் இடம் விட்டு ஒரே அடுக்காக வையுங்கள். இதில் சலுகையே கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் நடுவில் உள்ளவை ஆவியில் வெந்துவிடும். இரண்டு முறையாகச் செய்வது நேரத்தை வீணாக்குவது அல்ல. அடியில் அலுமினியத் தாளை விரித்துத் துளைகளை அடைத்தாலும் இதே கதிதான். துளையிட்ட சமையல் காகிதம் விரிக்கலாம், ஆனால் மேலே உணவு வைக்காமல் வெறும் காகிதத்தோடு முன்சூடு செய்யக் கூடாது. காற்றில் எழும்பிச் சூடான கம்பியைத் தொட்டால் தீப்பற்றும் ஆபத்து உண்டு.

தூள் ஏற்கெனவே எண்ணெய் கண்டிருந்தாலும், மேலே மெல்லியதாக ஒருமுறை எண்ணெய் தெளிப்பது நல்லது. அதற்குக் கையால் அழுத்தும் சாதாரணத் தெளிப்பு பாட்டிலே போதும். அழுத்தக் குப்பிகளில் வரும் சமையல் தெளிப்புகளில் எண்ணெயுடன் லெசிதின் போன்ற சேர்மானப் பொருள்கள் கலந்திருக்கும். அவை ஒட்டாப் பூச்சுள்ள கூடையில் படிந்து, சூட்டில் பிசினாக இறுகி, நாளடைவில் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

வெப்பம் 180 முதல் 190 டிகிரி வரை போதும். வறுக்காத தூளுக்கு 200 டிகிரி வைத்தாலும் நிறம் வராது. வறுத்த தூளுக்கு 200 வைத்தால் கருகிவிடும். முன்வேகவைத்த காலிஃபிளவருக்கு 180 டிகிரியில் ஒன்பது முதல் பதினொரு நிமிடம், முன்வாட்டிய காளானுக்கு ஏழு, எட்டு நிமிடம், சுக்கினிக் குச்சிகளுக்கு 190 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம், வெங்காய வளையத்துக்கு அதே சூட்டில் எட்டு நிமிடம், கத்தரி வில்லைகளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துத் தொடங்கலாம். கம்பி மேலே இருப்பதால் உயரம் குறைந்த கருவிகளில் மேல்பக்கம் சீக்கிரம் சிவக்கும். அப்படியானால் பத்து டிகிரி குறைத்து இரண்டு நிமிடம் கூட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் கூடையை இழுத்துக் குலுக்கவோ திருப்பவோ வேண்டாம். பூச்சு இறுகுவதற்குள் அசைத்தால் அது காயிடமிருந்து பிரிந்து கூடையோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பி, அடிப்பக்கத்துக்கும் ஒரு தெளிப்புத் தெளித்து மீண்டும் வைக்கவும். வெந்ததற்கு அடையாளம் நிறம் மட்டும் அல்ல: இடுக்கியின் நுனியால் மெல்லத் தட்டினால் காய்ந்த, கணீரென்ற ஓசை வர வேண்டும், மந்தமாக ஒலித்தால் பூச்சுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள்.

நிறத்தைப் பற்றி உடல்நலம் சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. மாவுச்சத்து மிகுந்த உணவுகளை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதை 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். உணவிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சில சர்க்கரைகளும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும். எண்ணெய் குறைவு என்பதால் ஏர் ஃப்ரையரில் அது உருவாகாது என்று கருதிவிடக் கூடாது. பொன்மஞ்சளில் நிறுத்திக்கொள்வதும், பச்சை உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் சேமிக்காமல் இருப்பதும் நல்ல வழக்கங்கள். குளிரில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் அது சீக்கிரம் கறுக்கும்.

மசித்த காய்கறிகளைத் தட்டிச் செய்யும் கட்லெட் வகைகள்தான் ஏர் ஃப்ரையருக்கு மிகவும் ஏற்றவை என்பது என் கருத்து. உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கெனவே வெந்துவிட்டதால் மேற்பூச்சை மட்டும் கவனித்தால் போதும். உருளைக்கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைத்து, முற்றிலும் ஆறிய பிறகு மசியுங்கள். நறுக்கி வேகவைத்த கிழங்கு தண்ணீரைக் குடித்திருக்கும். மற்ற காய்களை வாணலியில் ஈரம் வற்றும் வரை வதக்கிச் சேருங்கள். கலவை கையில் ஒட்டினால் ஒரு பிடி வறுக்காத பிரெட் தூளைச் சேர்த்துப் பிசைந்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் தட்டி, பூச்சிடும் முன் அரைமணி நேரம் குளிரவையுங்கள். பிறகு 180 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். ஓரங்களில் வெடிப்பு வந்தால் கலவையில் ஈரம் அதிகம், அல்லது தட்டும்போதே விளிம்பில் கீறல் இருந்திருக்கிறது என்று பொருள். தட்டிய பிறகு விளிம்பை ஈரவிரலால் ஒருமுறை சுற்றித் தடவிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

எந்த முயற்சி செய்தாலும் இந்தக் கருவியில் வராதவையும் உண்டு. கெட்டித் தூள் எதுவும் இல்லாமல், கரைசல் மாவில் மட்டும் தோய்த்துப் பொரிக்கும் வகைகளை இதில் வைக்க வேண்டாம். எண்ணெய்போல் நொடியில் இறுகச் செய்ய எதுவும் இல்லாததால் மாவு துளைகள் வழியே வழிந்து அடித்தட்டில் தோசையாகிவிடும். தக்காளி வில்லைகள் நீர்விட்டுக் குலைந்துவிடும். எண்ணெயில் பொரித்தால் வரும் குமிழ் குமிழான, உள்ளே காற்றடைத்த மேலோடும் இதில் கிடைக்காது. கிடைப்பது, நன்றாக வறுபட்ட ரொட்டியின் மணமுள்ள, எண்ணெய் கையில் ஒட்டாத, சுத்தமாக நொறுங்கும் ஒரு மேற்பூச்சு. அதை அதற்கே உரிய சுவையோடு ரசிக்கலாம் என்பதே என் எண்ணம். எண்ணெய்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 100 கிராம் தூளில் சேரும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 240 கலோரி இருக்கிறது, அந்தத் தூளைக் கொண்டு நான்கு பேருக்குச் செய்தால் ஆளுக்கு அரை மேசைக்கரண்டிதான் ஆகிறது.

வெளியே எடுத்தவுடன் துண்டுகளைத் தட்டிலோ மெல்லிய காகிதத்திலோ கொட்டக் கூடாது. அடிப்பக்கத்திலிருந்து வரும் ஆவி அங்கேயே அடைபட்டு, இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கம் நமத்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி, சூடு இருக்கும்போதே உப்பைத் தூவுங்கள். உள்ளே உள்ள ஈரம் மெல்ல மெல்ல மேலோட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இருபது நிமிடத்துக்குள் பரிமாறிவிடுவது நல்லது. சட்டியையோ டப்பாவையோ மூடி வைத்தால் அதுவும் நிலைக்காது. மிஞ்சியவற்றை மறுநாள் 175 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பும். மைக்ரோவேவில் சூடாக்கினால் முற்றிலும் கெட்டுவிடும்.

ஒவ்வொரு முறையும் கூடைக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளைத் துடைத்துவிட்டே அடுத்த தொகுதியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கருகிப் புகை கிளப்பி, புதிய துண்டுகளிலும் கசப்பை ஏற்றிவிடும். முன்கூட்டியே செய்து சேமிக்க விரும்பினால், முன்வேகவைத்த காலிஃபிளவரையும் கட்லெட்டுகளையும் பூச்சிட்ட நிலையில் தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, கல்போல் இறுகிய பிறகு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். தேவைப்படும்போது உறைநிலை நீங்கக் காத்திராமல் அப்படியே கூடையில் வைத்து, சொன்ன நேரத்தைவிட மூன்று, நான்கு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியே வைத்து இளகவிட்டால் உருகும் பனிநீர் முழுவதையும் தூள் குடித்துவிடும். சுக்கினியையும் கத்தரிக்காயையும் மட்டும் இப்படி உறையவைக்க வேண்டாம். அவை இளகும்போது நீர்விட்டுக் குழைந்துவிடுவதால் செய்த அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.